செல்லியை நிறுவும் முறை

ஜூன் 5, புதன்

பூந்தி,

இன்று உன் போன் அடித்தது. அதை இன்னும் சார்ஜில்தான் போட்டு வைத்திருக்கிறேன். எதற்கு என்று அப்பா கேட்டதற்கு, யாராவது கூப்பிட்டால் எடுக்க வேண்டாமா என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

கூப்பிட்டது மதுரையில் இருந்து ஒரு டீச்சர். பெயர் எஸ்தர். பார்வையில்லாத பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கிற விடுதியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறாராம். அவருக்கும் பார்வை கிடையாதாம்.

"சுபத்ரா இருக்காங்களா?"

"நான் அவங்கம்மா பேசுறேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அம்மா, இன்னொரு தடவ பேசுங்களேன்" என்றார். லைன் சரியில்லை போல என்று, அதையே உரக்கச் சொன்னேன்.

விடுதியின் பழைய கம்ப்யூட்டரெல்லாம் படுத்துவிட்டதாம். யாரோ புண்ணியவான் புதிதாக வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ். இங்கிலீஷை வாசிக்கிறது, தமிழ் வந்தால் ஊமையாகிவிடுகிறது. "பள்ளிக்கூடம் தொறக்கப் போகுதும்மா. பத்தாவதுப் பிள்ளைங்க பாடமெல்லாம் அதுலதான் கேக்கணும். சுபத்ரா வந்தா அரை மணி நேர வேலை."

நான் சொன்னேன்: "அவ வெளிய போயிருக்கா. நான் வாரேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பதினேழாம் தேதி திங்கட்கிழமை வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. மௌஸைப் பிடிக்கத் தெரியுமே தவிர எனக்கு என்ன தெரியும்?

அப்பா கடைக்கு ஜனவரியில் வந்த டைரியை எடுத்து இதை எழுதுகிறேன். முன்னால் ஐந்து மாதம் வெறும் தாளாக இருக்கிறது. இருக்கட்டும்.

ஜூன் 6, வியாழன்

பெங்களூரில் இருக்கும் உன் சிநேகிதி நஸ்ரினுக்குப் போன் போட்டேன். குரலைக் கேட்டதும் அழுதாள். அழுது முடிக்கட்டும் என்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன்.

"ஆன்ட்டி, நீங்களா போறீங்க?"

"நான்தான் போகணும்."

"நான் வேணா லீவு போட்டுட்டு…"

"வேண்டாம் பாப்பா. வாரேன்னு சொன்னது நான்."

சரி என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் முதலில் இருந்து சொன்னாள். அவள் சொன்னதில் பாதி எனக்கு முன்பே தெரியும், நீ அடுப்படி மேடையில் உட்கார்ந்து சொன்னதுதான். "லைப்ரரின்னா அரைச்சு வச்ச மாவும்மா. அத எடுத்து ஒருத்தர் தோசை சுடுவாங்க, ஒருத்தர் பணியாரம் ஊத்துவாங்க. நான் மாவு அரைக்கிறேன்." யாருக்கு அரைக்கிறாய் என்று கேட்டேன். கேட்கிறவர்களுக்கு என்றாய். எழுத்தைப் பார்த்துப் பேசும் லைப்ரரி. இலவசம். அதற்குத்தான் இரண்டு வருஷத்துக்கு முந்தைய கோடையில் என்னைப் பாடாய்ப் படுத்தினாய்.

மறக்கவில்லையடி. அந்த மே மாத வெயிலில் ஃபேனை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, கல்யாணத்துக்கு வந்த இரண்டு கம்பளியைப் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் தொங்கவிட்டு, அதற்குள் என்னையும் மைக்கையும் உட்கார வைத்தாய். குக்கர் விசில் அடிக்கக்கூடாது. அப்பா இருமக்கூடாது. காக்காய் கத்தினால் திரும்ப முதலில் இருந்து. ஆறாம் வகுப்போடு நின்றவளிடம் போய் இத்தனை தாளை நீட்டுகிறாயே, உன்னை மாதிரி படித்த பிள்ளையை வைத்துப் பிடிக்கக்கூடாதா என்று கேட்டேன். "நீ எழுத்துக்கூட்டி வாசிக்கிற பாரு, அதான் வேணும். ஒவ்வொரு எழுத்தும் தனியா நிக்குது" என்றாய். என்னிடமும் ஒன்று சரியாக இருக்கிறது என்று நீ சொல்லித்தான் தெரிந்தது.

கிழமை, மாதம், எண் இதையெல்லாம் முழுதாகச் சொல்லச் சொன்னாய். மற்றதைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிக்கொள்வதாகச் சொன்னாய். காலேஜ் வேலை ஏதோ என்று நினைத்துவிட்டேன். நீ வேலைக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது, அது கூட எனக்கு உறைக்கவில்லை.

நஸ்ரின் கேட்டாள், "அதுக்கு சுபா என்ன பேர் வச்சிருக்கா தெரியுமா ஆன்ட்டி?"

தெரியாது.

"செல்லி."

என் பிறந்த வீட்டில் மட்டும் என்னைக் கூப்பிடும் பெயர். இந்தத் தெருவில் எல்லோருக்கும் நான் கனியக்கா. முழுப் பெயர் செல்லக்கனி என்பதே ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும்.

நிறைய வெங்காயம் உரித்துவிட்டேன். நாளைக்கும் ஆகும்.

ஜூன் 7, வெள்ளி

ரேஷன் கடையில் துவரம்பருப்பு வரவில்லை.

ஜூன் 8, சனி

உன் லேப்டாப்பைத் திறந்தேன். பாஸ்வேர்டு தெரு பெயரும் கதவு எண்ணும்தானே, நீ சத்தமாகச் சொல்லிக்கொண்டே அடிப்பாய்.

நஸ்ரின் சொன்ன இடத்தில் அது இருந்தது. 'செல்லியை நிறுவும் முறை.' தமிழில் எழுதியிருக்கிறாய். முதல் வரி: 'பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் உடையாது.' அடுத்த வரி: 'இதை என் அம்மா தனியாக வாசித்து, தனியாகச் செய்து காட்டிய பிறகுதான் இந்தப் பக்கம் முடிந்தது என்று அர்த்தம்.'

உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாமாம் இந்தப் பக்கத்தை. என்னைக் கேட்காமல் என்னை எழுதி வைத்திருக்கிறாய்.

விண்டோஸுக்கு எழுதியிருக்கிறாய். உன் லேப்டாப் மாதிரி ஆப்பிள் மெஷினுக்கு எழுதியிருக்கிறாய். மூன்றாவதாக 'லினக்ஸ்' என்று தலைப்புப் போட்டு ஒரே ஒரு கட்டளை வரி. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

நஸ்ரின் சொன்னாள், பழைய செல்லி புது கம்ப்யூட்டர்களில் ஓடாது, சிலது மாறிப்போச்சு என்று. நீ 'செய்ய வேண்டியவை' என்று எழுதி வைத்ததைப் பார்த்து, ஒவ்வொரு குறையாகச் சரி செய்து, புதுச் செல்லியை நாளைக்கு வெளியிடுகிறாளாம். "மொதல்ல உங்க வீட்டுல, கடையில இருக்கிற ரெண்டு மெஷின்லயும் போட்டுப் பாருங்க ஆன்ட்டி. ரெண்டுலயும் பேசிட்டா, விடுதியில பயமே இல்ல."

உனக்கு இப்படி ஒரு சிநேகிதி. அவளுக்கு ஒரு டப்பா அதிரசம் அனுப்ப வேண்டும்.

ஜூன் 9, ஞாயிறு

கடைக்கு விடுமுறை. அப்பாவின் விண்டோஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அப்பா பக்கத்தில் நின்று, "ஆதார் பிரிண்ட் எடுக்கிற மெஷினு. எதையாச்சும் ஆக்கிவிட்டுறாத" என்றார்.

"கம்ப்யூட்டர் உடையாது. உங்க மக எழுதியிருக்கா."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

விண்டோஸ் இருக்கிறதே, சம்பந்தம் பேச வந்த வீட்டுக்காரர் மாதிரி. எதற்கும் ஒரு கேள்வி. சம்மதமா? நிச்சயமாகவா? எங்கே வைக்க? மேஜையில் படம் போடவா? அடுத்து, அடுத்து, அடுத்து என்று அமுக்கிக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் மஞ்சளாக ஒரு பெட்டி வந்து நின்றது. நீ முன்னாலேயே எழுதியிருக்கிறாய்: 'வெளியிட்டவர் யாரென்று தெரியவில்லை என்று சொல்லும். ஆமாம், நம்மை அதற்குத் தெரியாது. கோபப்படாமல் சம்மதம் என்று அமுக்கவும்.'

கோபப்படத்தான் செய்தேன். அமுக்கினேன்.

முடிந்ததும் ஒரு கட்டத்தில் 'தங்கமாரியப்பன் ஜெராக்ஸ்' என்று அடித்துவிட்டுப் பச்சைப் பொத்தானைத் தட்டினேன். கம்ப்யூட்டர் என் குரலில் அப்பா பெயரைச் சொன்னது. கட்டிய நாளில் இருந்து இவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. நீ துண்டு துண்டாக வெட்டி ஒட்டி என்னைச் சொல்ல வைத்துவிட்டாய்.

அப்பா வெட்கப்பட்டுப் போய் ஷட்டரைப் பார்த்துக்கொண்டு, "இன்னொரு தடவ தட்டு" என்றார்.

ஜூன் 10, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. தெரு முழுக்கப் புதுப் பை. எஸ்தர் டீச்சரிடம் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அங்கே பிள்ளைகள் இத்தனை நாளும் புத்தகத்தை வைத்துக்கொண்டு யாராவது வாசிக்க வருவார்களா என்று உட்கார்ந்திருப்பார்கள்.

ஜூன் 12, புதன்

நேற்று செவ்வாய். செவ்வாய்க்கிழமை நான் எழுதுவதில்லை. ஏனென்று உனக்குத் தெரியும்.

ஜூன் 13, வியாழன்

உன் லேப்டாப். பழைய செல்லி அதில் இருந்தது. 'பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கவா' என்று கேட்டது. வை என்றேன். நஸ்ரின் ராப்பகலாக உட்கார்ந்து சரி செய்தது, வீணாகலாமா.

இந்த ஆப்பிள் மெஷின் பெரிய வீடு. வாசலில் கூர்க்கா. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே விடமாட்டேன் என்கிறது. 'இதை உருவாக்கியவர் யாரென்று சரிபார்க்க முடியவில்லை. குப்பையில் போடலாம்.' இப்படித்தான் அதற்கு அர்த்தம் என்று நீ எழுதியிருக்கிறாய்.

எனக்கு வந்ததே ஆத்திரம். உன் மடியில் இருந்த மெஷின். உன் விரல் பட்டுப் பட்டு எழுத்து அழிந்த பட்டன். உருவாக்கியவர் யாரென்று தெரியாதாமே! படத்துக்கு மாலை போட்டு எதிரேதான் வைத்திருக்கிறேன், திரும்பிப் பார்த்தால் தெரியும்.

மூடி வைத்துவிட்டு மாவரைக்கப் போனேன். கிரைண்டர் ஓடி முடித்ததும் வந்து மீதியை வாசித்தேன். 'அமைப்புகளுக்குள் போய், எனக்கு இவரைத் தெரியும், திற என்று நாமே சொல்ல வேண்டும்.' அங்கே போய்ச் சொன்னேன். திறந்தது.

உள்ளே போகப் போகக் கறுப்புப் பெட்டியில் வரிவரியாக என்னென்னமோ பெயர் ஓடியது. அதெல்லாம் என்ன என்று நஸ்ரினைக் கேட்டேன். மற்றவர்கள் எழுதிய லைப்ரரிகளாம். ஒருத்தர் நார்வேயாம், ஒருத்தர் பிரேசிலாம், பாதிப் பேர் யாரென்றே தெரியாதாம். அவர்கள் அரைத்த மாவில்தான் நீ அரைத்திருக்கிறாய்.

"அவுகளுக்கு சம்பளம் யாரு குடுப்பா?"

"யாரும் இல்ல ஆன்ட்டி. சும்மாதான்."

எங்கோ ஒரு ஊரில் முகம் தெரியாத ஒருத்தன் வேலை முடிந்து வந்து உட்கார்ந்து எழுதியதன் மேல் நீ நின்றிருக்கிறாய். உன் மேல் அந்த விடுதிப் பிள்ளைகள். நான் இந்தத் தெருவைத் தாண்டிப் பத்துப் பேருக்குச் சோறு போட்டதில்லை. என் வயிற்றில் பிறந்தவள் எத்தனை வீட்டுக்குள் போய் வந்திருக்கிறாய்.

ஜூன் 15, சனி

பிள்ளைகளுக்குக் கை முறுக்கு சுற்றினேன். வெறுங்கையோடு போகக்கூடாது. அப்பா கடையில் இருந்து வந்து, "முறுக்கு யாருக்கு? கம்ப்யூட்டருக்கா?" என்றார். மூன்று மாதத்தில் அவர் சொன்ன முதல் நக்கல். நான் சிரிக்கவில்லை. ஆனால் இரண்டு முறுக்கு எடுத்து அவருக்கு வைத்தேன்.

ஜூன் 17, திங்கள்

என்னவென்று எழுத.

மதுரை பஸ்ஸில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துப் போனோம். அப்பா உள்ளே வர மறுத்துவிட்டார். "நான் எதுக்கு? டீக்கடையில இருக்கேன்." அங்கே யாராவது உன்னைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். எனக்கும்தான்.

கம்ப்யூட்டர் அறை ஒரே இரைச்சலாக இருந்தது. பாவாடை சட்டையிலும் சுடிதாரிலுமாகப் பிள்ளைகள். எஸ்தர் டீச்சர் ஒரு மூலையில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். நான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டேன்.

அவ்வளவுதான் கேட்டேன்.

அறை முழுக்க அடங்கிவிட்டது. அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. நான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டேன் என்று பின்னால் நகர்ந்தேன். முன் வரிசையில் இருந்த ஒரு ஒல்லிப் பெண் எழுந்து நின்று கத்தினாள்:

"ஏய்! செல்லி வந்திருச்சு டீ!"

இரண்டு வருஷமாக என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் பூந்தி. அறிவியலும் சமூகமும் கதைப் புத்தகமும் நான்தான் வாசித்திருக்கிறேன். இந்தக் குரலை அவர்கள் திட்டியிருக்கிறார்கள், கெஞ்சியிருக்கிறார்கள், வேகமாக ஓடவிட்டுக் கேலி பண்ணியிருக்கிறார்கள். ஆள் ஒருத்தி இருப்பாள் என்று நினைக்கவே இல்லையாம்.

"மரியாதையா பேசு காளீஸ்வரி" என்றார் டீச்சர். "அன்னைக்குப் போன்லயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சும்மா. இவங்களுக்கு வேணும்னே சொல்லாம வச்சிருந்தேன்."

காளீஸ்வரி என் கையைப் பிடித்துப் பார்த்தாள். வளையலைத் தடவினாள். "அத்தை, நீங்க குட்டையா இருக்கீங்க. குரல் உயரமா இருக்கும்."

"முறுக்கு கொண்டாந்திருக்கேன்" என்றேன். வேறு என்ன சொல்ல என்று தெரியவில்லை. நான் எதைச் சொன்னாலும் சிரித்தார்கள். 'முறுக்கு' என்று திரும்பச் சொல்லச் சொன்னார்கள்.

"சுபத்ரா அக்கா வரலியா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வேலை" என்றேன்.

பிறகு லினக்ஸ். இதில் கேள்வியே கிடையாது. பட்டன் கிடையாது. நாம் கட்டளையை அடிக்க வேண்டும், அது செய்யும். நீ எழுதிய ஒரு வரியை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தேன். அப்படி ஒன்று இல்லை என்றது. திரும்ப அடித்தேன். இல்லை என்றது. வேர்த்துவிட்டது. நான் அடிப்பதை மெஷின் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வருகிறதே, காளீஸ்வரி காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள்.

"அத்தை, செல்லிங்கிற பேர்ல நீங்க நம்பர் ஒன்னு ஒன்னுன்னு அடிச்சிருக்கீங்க. அது எல் எல்."

"ரெண்டும் குச்சி மாதிரிதானம்மா இருக்கு."

"எங்களுக்கு வேற வேறயாதான் கேக்குது."

திருத்தினேன். பாஸ்வேர்டு கேட்டது. டீச்சர் சொன்னார், நான் அடித்தேன். திரையில் ஒரு புள்ளி கூட வரவில்லை. கீபோர்டு போய்விட்டது என்று எனக்கு உயிரே போய்விட்டது. நீ இதைப் பற்றி எழுதவே இல்லை, எழுதுவதற்குள்… நஸ்ரின் போனை எடுக்கவில்லை. புது மெஷினைக் கெடுத்துவிட்டேன் என்று டீச்சரிடம் சொன்னேன்.

"என்ன ஆச்சு அத்தை?"

"அடிக்கிறேன், ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது கண்ணு."

காளீஸ்வரி சிரித்தாள். "எங்களுக்கு என்னைக்குத் தெரிஞ்சது? அடிச்சிட்டு என்டர் தட்டுங்க. அது கேட்டுக்கிட்டுதான் இருக்கும்."

தட்டினேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தது. வரிவரியாக ஓடி நின்றது. முடிந்தது என்று கூடச் சொல்லவில்லை. நல்லபடியாக முடிந்தால் லினக்ஸ் பேசாதாம், டீச்சர் சொன்னார். அப்பா மாதிரி.

எல்லா மெஷினிலும் போட்டேன். கடைசியில் அத்தனையும் ஒரே நேரத்தில் என் குரலில் பேசியபோது, நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். மூன்று விதமான வீடு, மூன்று விதமான வாசல். எல்லாவற்றுக்குள்ளும் போகிற மாதிரி ஒரே குரலைச் செய்திருக்கிறாயே, அது லேசான வேலையாடி? கண்ணில் ஏதோ தூசி.

டீக்கடையில் அப்பா, "பேசுச்சா?" என்றார். பேசியது என்றேன்.

ஜூன் 19, புதன்

நேற்று மதியம் உன் போன் அடித்தது. காளீஸ்வரி.

"அத்தை, செல்லிக்கு என்னமோ ஆயிருச்சு. சிரிப்பைக் காணோம்."

"என்ன சிரிப்பு?"

"செவ்வாய்க்கிழமைச் சிரிப்பு. அக்கா சிரிக்குமே."

எனக்குப் புரியவில்லை. அவள் விளக்கமாகச் சொன்னாள். காலையில் மெஷினைப் போட்டதும் செல்லி தேதியும் கிழமையும் சொல்லும். செவ்வாய்க்கிழமை மட்டும், கிழமையைச் சொல்லி முடித்ததும் பின்னால் ஒரு சின்னச் சிரிப்பு கேட்கும். என் சிரிப்பு இல்லை. நான் பேசும்போது மைக்குக்குப் பக்கத்தில் இருந்த நீ. வெட்டி எடுக்க விட்டுப்போயிருக்கிறது. "அக்காகிட்டயே கேட்டோம். ஐயோ அது தப்பா வந்திருச்சு, சரி பண்றேன்னு சொல்லுச்சு. வேண்டாம் வேண்டாம்னோம். நாங்க செவ்வாய்க்கிழமைன்னே சொல்ல மாட்டோம் அத்தை, சிரிப்புக்கிழமைதான். இன்னிக்குக் காலைல எல்லாரும் ரெடியா இருந்தோம். சும்மா சொல்லிட்டு நின்னுருச்சு. அக்காவ வந்து பாக்கச் சொல்லுங்க."

இனி எப்படிப் பொய் சொல்ல.

"அக்கா இல்லம்மா" என்றேன். "மார்ச் மாசம் காய்ச்சல்ல போயிட்டா."

அவள் போனை வைக்கவில்லை. மூச்சு கேட்டது. பின்னால் யாரோ என்னடி என்னடி என்று கேட்டார்கள். பிறகு, "அத்தை, அப்ப அந்தச் சிரிப்பு?" என்றாள்.

நான்தான் எடுத்துவிட்டேன். லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன்; நீ 'செய்ய வேண்டியவை' என்று எழுதியதில் 'செவ்வாய், கடைசியில் சத்தம், வெட்டவும்' என்று ஒரு வரி இருந்திருக்கிறது. நஸ்ரின் பாவம், வெட்டிவிட்டாள். நான் மூன்று விதமான மெஷினிலும் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். என் கையால்.

நேற்றே எழுத நினைத்தேன். நேற்று செவ்வாய்.

ஜூன் 20, வியாழன்

நஸ்ரினுக்கு நேற்றில் இருந்து போன் போகவில்லை. தங்கச்சி கல்யாண வேலையாக ஊருக்குப் போயிருக்கிறாள் என்று அவள் அறைத்தோழி சொன்னாள்.

அப்பாவிடம் சொன்னேன். சோற்றில் கையை வைத்தபடி கேட்டார். சாப்பிடாமல் எழுந்து கடைக்குப் போனார். பின்னாலேயே போனேன். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஒற்றை விரலால் 'செவ்வாய்க்கிழமை' என்று அடித்துத் தட்டினார். என் குரல் சொல்லி நின்றது. திரும்பத் தட்டினார். ஒருத்தர் ஆதார் கார்டோடு வந்து நின்றார். "கரண்ட் இல்ல" என்று அனுப்பிவிட்டார். தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

போனில் உன் வீடியோ எத்தனையோ இருக்கிறது. அதில் எல்லாம் நீ போனைப் பார்த்துச் சிரிக்கிறாய். இது என்னைப் பார்த்துச் சிரித்தது.

ஜூன் 21, வெள்ளி

நஸ்ரின் கூப்பிட்டாள். சொன்னேன். அவள் பதறிவிட்டாள். "நான் வெறும் சத்தம்னு நெனச்சேன் ஆன்ட்டி. கேக்கக்கூட இல்ல, அளவு பாத்து வெட்டிட்டேன். அல்லாவே."

"போயிருச்சா பாப்பா?"

"இல்ல ஆன்ட்டி, போகாது. வெளியிட்ட எதுவும் போகாது. பழைய செல்லி அதே நம்பரோட அங்கயே இருக்கும். புதுசு வந்தா பழச அழிக்க மாட்டாங்க. அந்தப் பழசுதான் வேணும்னு யாராவது எங்கயாவது இருப்பாங்கல்ல."

என்ன மாதிரி மனுஷர்கள் இவர்கள்! யாரோ ஒருத்தருக்கு என்றைக்கோ வேண்டியிருக்கும் என்று எல்லாவற்றையும் வைத்திருக்கிறார்கள். நான் உன் பழைய யூனிஃபார்மைப் பாத்திரக்காரனுக்குப் போட்டுவிட்டேன்.

ஆனால் பழையது புது மெஷினில் ஓடாது. அதனால் அந்த ஒரு ஒலியை மட்டும் பழையதில் இருந்து எடுத்து வைத்து, இன்னொரு நம்பர் போட்டு வெளியிடுவதாகச் சொன்னாள். அதற்கும் ஒரு இடைஞ்சல். இதைக் குறை என்று முதலில் உனக்கு எழுதிப் போட்டவர் கிளிநொச்சியில் ஒருத்தர், பார்வை போன தன் அப்பாவுக்காகச் செல்லியை வைத்திருப்பவர். அவர் திரும்பக் குறை சொன்னால்?

"கேட்டுப் பாரு" என்றேன்.

சாயங்காலம் அவர் எழுதியதை நஸ்ரின் வாசித்துக் காட்டினாள். 'இருக்கட்டும் பிள்ளை. அப்பாதான் கேட்டுத் திடுக்கிட்டவர். விஷயத்தைச் சொன்னன். இனிச் செவ்வாய் வந்தால் தானும் சேர்ந்து சிரிப்பன் எண்டு சொல்லுறார்.'

புது நம்பருக்கு, என்ன மாறியிருக்கிறது என்று ஒரு வரி எழுத வேண்டுமாம். நீங்களே சொல்லுங்கள் என்றாள். சொன்னேன்: 'செவ்வாய்க்கிழமை பழையபடி.'

"ஆன்ட்டி, அந்த ஒலிய உங்களுக்குப் போன்ல அனுப்பட்டுமா?"

வேண்டாம் என்றேன். அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்கிறேன்.

ஜூன் 23, ஞாயிறு

அப்பா: "நாளைக்கே போயிட்டு வந்துருவோமே. அவ போன கிழமைன்னு செவ்வாய்க்கிழமை நீ வாசல்ல கூட இறங்குறதில்ல."

நான்: "செவ்வாய்க்கிழமைதான் போகணும்."

அவர் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறார்.

உன் பக்கத்தில், லினக்ஸ் தலைப்புக்குக் கீழே, நஸ்ரின் என்னைச் சொல்லச் சொல்லி எழுதினாள். 'செல்லியில் வருவது குச்சி எண் இல்லை, எழுத்து. பாஸ்வேர்டு அடிக்கும்போது ஒன்றும் தெரியாது. பயப்படாமல் அடித்துவிட்டு என்டர் தட்டவும். அது கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.' கடைசி வரி காளீஸ்வரி சொன்னது. உன் பக்கம் முடிந்தது பூந்தி.

ஜூன் 25, செவ்வாய்

பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து ஆடும்.

அப்பா இன்று உள்ளே வந்தார். பிள்ளைகள் முன்பு மாதிரி கூச்சல் போடவில்லை. ஒவ்வொருத்தியாக வந்து என் கையைத் தொட்டுவிட்டுப் போனாள். எஸ்தர் டீச்சர் நாற்காலி இழுத்துப் போட்டார். நான் கட்டளையை அடித்தேன். இந்தத் தடவை எல் எல். பாஸ்வேர்டு அடித்தேன். தெரியவில்லை, தட்டினேன். வரிவரியாக ஓடியது. நின்றது. பேசவில்லை.

"தேதி கேக்கவா அத்தை?" என்றாள் காளீஸ்வரி.

தலையை ஆட்டினேன். அவளுக்கு அது தெரியாது என்று பிறகுதான் உறைத்தது. அப்பாதான், "கேளுத்தா" என்றார்.

என் குரல் சொன்னது: "இன்று, ஜூன், இருபத்தைந்து, செவ்வாய்க்கிழமை."

பிறகு நீ.

ரொம்பச் சின்னது. வாயைப் பொத்திக்கொண்டு, அடக்க முடியாமல் மூக்கு வழியாக வந்துவிடுமே, அது. கம்பளிக்குள் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, நான் பார்த்துவிடக்கூடாது என்று முகத்தைத் திருப்பியிருப்பாய். தொடங்குவதற்குள் அறுந்துவிடுகிறது. பிள்ளைகள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார்கள்.

"இன்னொரு தடவ" என்றார் அப்பா. காளீஸ்வரி தட்டினாள். "இன்னொரு தடவ." தட்டினாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். யாரும் போதும் என்று சொல்லவில்லை.

இப்போது பக்கத்தில் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறார். இஸ்திரிச் சட்டை கசங்குகிறது.

நான் அந்த மே மாதத்தையே நினைத்துப் பார்க்கிறேன். ஞாயிறு சொன்னேன், நீ ம் என்றாய். திங்கள் சொன்னேன், ம் என்றாய். செவ்வாய்? முகத்தை முந்தானையால் துடைத்தேனா? பல்லி ஏதும் விழுந்ததா? நெற்றிப் பொட்டு வேர்வையில் மூக்குக்கு இறங்கியிருந்ததா? அப்பாவைக் கேட்டேன், அவர் அன்றைக்கு வீட்டிலேயே இல்லையாம். நான் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், ஒவ்வொரு எழுத்தும் தனியாக நிற்கிறது. கம்பளிக்குள் நாம் இரண்டு பேர்தான் இருந்தோம். எனக்கு ஞாபகம் இல்லை. இனி உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்.

அப்படி என்னத்தப் பாத்துடி சிரிச்ச?